கண்ணாடி இல்லாமல் படித்த பிணம்

அந்தப் பிணம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது!

சாய்வு நாற்காலி. அதில் சாய்ந்த உடல். மடியில் விரிந்த செய்தித்தாள். அதன் இரு ஓரங்களிலும் பதிந்த விரல்கள். பாதி மூடிய இமைகள்.

மூக்கின் மேல் கண்ணாடி இல்லை.

அறை வாசலிலேயே நின்றுவிட்டார் இன்ஸ்பெக்டர். ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே மிச்சமிருந்த பெண்மணி. எத்தனையோ பிணங்களைப் பார்த்துச் சலித்தவர். எந்தப் பிணமும் அவருக்கு ஆறுதல் தந்ததில்லை.

இது தந்தது!

ஏனென்றால், செத்துக் கிடந்தவர் ஒளியார்.

ஊருக்கு ஊர் மேடை போட்டு முழங்கியவர் ஒளியார். சர்க்கரை நோயாளிகளே! கண்ணாடியைக் கழற்றி எறியுங்கள்! கண்ணுக்குள் நெருப்பு வைக்கும் லேசரைத் துரத்தி அடியுங்கள்! கீரைக்கும் கேரட்டுக்கும் நிறம் கொடுக்கும் சத்து, உங்கள் கண்ணுக்கு ஒளி கொடுக்காதா? இந்த ஆரஞ்சு காப்ஸ்யூல் இருக்க, ஆஸ்பத்திரி எதற்கு?

முழக்கம் முடிந்ததும் மருந்துப் புட்டியைத் தூக்கிப் பிடிப்பார். அதன் முதுகில் எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சடித்த வரிகளைக் கண்ணாடியின்றி, தடுமாற்றமின்றி வாசிப்பார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டும். அந்தக் கை தட்டல் சூட்டிய பெயர்தான் ஒளியார்.

அந்தக் கூட்டத்தில் ஒருமுறை இன்ஸ்பெக்டரும் நின்று கை தட்டியிருக்கிறார். அவர் உடம்பிலும் சர்க்கரை. அவர் கைப்பையிலும் அந்த ஆரஞ்சு காப்ஸ்யூல்.

அவர் வலக் கண்ணில், சில வாரங்களாக... நூல் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. கறுப்பு நூல்கள்.

"கடைசி நிமிஷம் வரைக்கும் படிச்சிருக்காரு மேடம்! அதுவும் கண்ணாடி இல்லாம!" என்றார் ஏட்டு. "எனக்கெல்லாம் கண்ணாடி இல்லன்னா, சம்சாரத்தையே குரலை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

"என்ன செய்தி படிச்சிட்டிருந்தார்? பாருங்க ஏட்டய்யா."

"நீங்களே குனிஞ்சு பார்க்கலாமே மேடம்?"

"படிங்கன்னா படிங்க!"

ஏட்டு வியப்போடு குனிந்தார். "கிரிக்கெட் பக்கம் மேடம்."

இன்ஸ்பெக்டர் மூச்சை விட்டார். கிரிக்கெட்டோ, கல்யாண விளம்பரமோ! படித்தாரே, அது போதும். ஒளியாருக்குப் பார்வை இருந்தது என்றால், மருந்து மெய். மருந்து மெய் என்றால், தன் கண் பிழைக்கும்.

அதற்குள் போலீஸ் சர்ஜன் பிணத்தின் கையைப் புரட்டினார்.

"இங்க பாருங்க மேடம். உள்ளங்கை முழுக்க மஞ்சள்."

"காமாலையா டாக்டர்?"

"காமாலைன்னா கண்ணோட வெள்ளையும் மஞ்சளாகும். இங்க ஆகல. இது அந்த நிறமிச் சத்தை அளவில்லாம முழுங்கினதால வந்த மஞ்சள். தன் சரக்கைத் தானே கொத்துக் கொத்தா சாப்பிட்டிருக்கார் மனுஷன்."

"அப்ப ஊரை ஏமாத்தல..."

"இருங்க! இன்னும் முடியல."

சர்ஜன் இமையை மேலே தூக்கினார். வெண்விழியில் சிவப்புப் புள்ளிகள். இமையின் உட்புறத்தில் இன்னும் பல. உதட்டின் உள்ளே, பல் பதிந்த காயம்.

"மூச்சை அடைச்சிருக்காங்க. கட்டில் மேல கிடக்கிற அந்தத் தலையணையா இருக்கலாம். பிரேதப் பரிசோதனையில உறுதியாகும்."

இன்ஸ்பெக்டரின் ஆறுதல் அந்த இடத்திலேயே செத்தது.

கொலை!

"காலையில இங்க யார் வந்தாங்க?"

சமையலறையிலிருந்து அழைத்து வந்த ஒளியாரின் மனைவி கதவோரம் ஒண்டி நின்றார். சந்தைக்குப் போய்த் திரும்பியபோது இந்தக் கோலத்தைக் கண்டு அலறியவர் அவர்தான். அலறியதில் தொண்டை கட்டிப் போயிருந்தது.

"கண் டாக்டரம்மா வரேன்னாங்க. இவர்தான் கூப்பிட்டார். நான் கிளம்பும்போது அவங்க கார் தெருவுல திரும்பிச்சு."

ஏட்டு நிமிர்ந்தார். "எந்த டாக்டரம்மா? போன மாசம் கூட்டத்துல மேடையேறிக் கத்தினாங்களே, அவங்களா?"

"ஆமா."

"ஊரே கேட்டுச்சு மேடம்! 'உன் பேச்சை நம்பி லேசரை விட்டவங்க என் வாசல்ல சுவரைத் தடவிக்கிட்டு வர்றாங்க. உன்னை விடமாட்டேன்'னு மைக்கைப் பிடுங்கிச் சொன்னாங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார்.

"வண்டியை எடுங்க."

கண் மருத்துவமனையின் கூடத்தில் மனிதர்கள் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்களை மூடி, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சொட்டு மருந்து ஊறிக்கொண்டிருந்தது. பேச்சில்லை. கூட்டமாகத் தூங்குகிறார்களோ என்று ஐயுறத்தக்க அமைதி.

"ஸ்டேஷன் வரைக்கும் வரணும் டாக்டர்."

"மருந்து விட்டாச்சு மேடம். இவங்களைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"கொலை கேஸ். உடனே."

"அத்தனை பேரும் கண்ணு கூசிக்கிட்டு வீட்டுக்குப் போகணும். திரும்ப வர மாட்டாங்க. இங்க ஒரு தடவை வர வைக்கிறதுக்கே நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்!"

"நானும் பாடுபடறவதான். கிளம்புங்க."

காவல் நிலையத்தில் டாக்டரம்மா மர நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்தார். அஞ்சவில்லை. அதட்டவுமில்லை. அவர் முகத்திலும் இன்ஸ்பெக்டரின் அதே களைப்பு.

"எதுக்குப் போனீங்க?"

"கூப்பிட்டார், போனேன்."

"எதுக்குக் கூப்பிட்டார்?"

"அதைச் சொல்ல மாட்டேன். டாக்டரை நம்பிச் சொன்னது, டாக்டரோட இருக்கும்."

"அவர் செத்துட்டார் டாக்டர்!"

"அவர் செத்துட்டார். நான் இன்னும் டாக்டர்தானே?"

"விடமாட்டேன்னு ஊரறியக் கத்தினது நீங்கதானே?"

"கத்தினேன். இன்னும் கத்துவேன். மேடம், கீரை நல்லது, கேரட் நல்லது, முட்டையோட மஞ்சள் கரு நல்லது. யார் இல்லேன்னா? காப்ஸ்யூல்கூட ஓரளவுக்கு உதவலாம், அதை ஆராய்ச்சி பண்றாங்க, பண்ணட்டும். ஆனா சர்க்கரை கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற ரத்தக் குழாயை அரிக்குது. ஒழுகற குழாய்க்கு மேல ஆரஞ்சு பெயிண்ட் அடிச்சா, ஒழுகறது நிக்குமா? வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டுங்கன்னு நான் கெஞ்சறேன். காட்டாதீங்கன்னு அவர் முழங்கினார். ஜனம் முழக்கத்துக்குத்தானே கை தட்டும்?"

எதிரே இருந்தவரின் முகத்தின் குறுக்கே ஒரு கறுப்பு நூல் ஊர்ந்து போயிற்று. இன்ஸ்பெக்டர் தலையைச் சற்றே சாய்த்தார்.

டாக்டரம்மாவின் பார்வை கூர்மையானது.

"எத்தனை நாளா இப்படித் தலையைச் சாய்ச்சுப் பார்க்கறீங்க?"

"என் தலையை விடுங்க! உங்க தலை தப்புமான்னு பாருங்க!"

சினந்து எழுந்து வெளியே வந்துவிட்டார். கைப்பையைத் திறந்தார். ஆரஞ்சு காப்ஸ்யூல் ஒன்றைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்.

"மேடம்..." ஏட்டு தயங்கினார். "கைதுன்னு எழுதிடவா?"

"அவர் மனைவியை இன்னொரு தடவை கேட்டுட்டு வந்துடலாம்."

ஒளியாரின் வீட்டுச் சமையலறையில் மனைவி, வாங்கி வந்த காய்களைப் பையிலிருந்து எடுக்கவும் தோன்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தம்பி. காப்ஸ்யூல் தொழிற்சாலையின் மேலாளர். உடுப்பில் ஆரஞ்சுத் தூள்.

"ஒரே ஒரு விஷயம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "பேப்பர் படிச்சிட்டிருந்தவரை, டாக்டரம்மா..."

"பேப்பரா?" மனைவி நிமிர்ந்தார். "எந்தப் பேப்பர்?"

"உங்க வீட்டுக்காரர் மடியில இருந்த பேப்பர்."

"நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன்... வேற எதையும் பார்க்கல." அவருடைய உதடு துடித்தது. பிறகு மெல்லச் சொன்னார். "அவர் எப்படிம்மா பேப்பர் படிப்பார்? அவருக்குத்தான் கண்ணு தெரியாதே!"

சமையலறை ஒரு சுற்று சுற்றி நின்றது.

"என்ன சொல்றீங்க?"

"அவருக்கும் சர்க்கரைம்மா. கண்ணுல வெளிச்சம் மட்டும்தான் தெரியும். என் முகத்தைப் பார்த்தே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப மேடையில... அந்தப் புட்டியை வாசிச்சாரே! நானே பார்த்தேனே!"

தம்பி தலை குனிந்தார்.

"நான்தான் மேடம் படிச்சுக் காட்டுவேன். திரும்பத் திரும்ப. மனப்பாடம் பண்ணிக்குவார். ஒரு தடவை புட்டியைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு வாசிச்சார். அதுக்கும் கை தட்டினாங்க."

"வெட்கமா இல்ல?"

"இருந்துச்சு மேடம். ஆனா மாமா ஏமாத்துக்காரர் இல்ல. மெய்யாவே நம்பினார். நாளைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும்னு கைப்பிடி கைப்பிடியா முழுங்கினார். இந்த வாரம்தான் உடைஞ்சுபோனார். டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, 'சாயங்காலம் மேடையில எல்லாத்தையும் சொல்லிடறேன், நீங்களும் பக்கத்துல நில்லுங்க'ன்னு கேட்டார். அதுக்குத்தான் அவங்க வந்தாங்க."

இன்ஸ்பெக்டர் சுவரில் சாய்ந்தார்.

ஒளியாருக்கு ஒளி இல்லை! மருந்து பொய்... அப்படியானால் தன் கண்?

அந்தக் கேள்வியை அவர் அடித்துத் துரத்தினார். முதலில் கொலைகாரன். கண்ணைப் பிறகு பார்க்கலாம். சில ஆண்டுகளாக அவர் தமக்குத் தாமே சொல்லிவந்த சமாதானம் அது.

"ஏட்டய்யா, கேளுங்க. செத்தவர் கையில பேப்பரை வெச்சது கொலைகாரன். மனைவிக்கு இவருக்குப் பார்வை இல்லன்னு தெரியும். மச்சினனுக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்கு எல்லாரையும்விட நல்லாத் தெரியும். குருடர் மடியில இவங்க யாராவது பேப்பரை விரிப்பாங்களா?"

"விரிக்க மாட்டாங்க மேடம். ரேடியோவைத்தான் வைப்பாங்க."

"அப்ப விரிச்சவன் யார்? இவருக்குக் கண்ணு தெரியும்னு நம்பினவன். கண்ணாடியே இல்லாம தெரியும்னு சத்தியமா நம்பினவன்!"

தம்பி திடுக்கிட்டுத் தலை தூக்கினார்.

"மேடம்... மேடையில சொல்றதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட மட்டும் மாமா தனியா சொல்லணும்னார். 'திடீர்னு கேட்டா அவர் தாங்க மாட்டார்'னு ஆள் அனுப்பிக் காலையில வரச் சொன்னார்."

"யாரை?"

"எங்க தையல்காரரை."

தையல்காரரை இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒளியாருக்கு அடுத்தபடியாக மேடையேறுபவர். தமக்கும் சர்க்கரை என்பார். ஊசியை உயர்த்திக் காட்டி, ஒரே முயற்சியில் நூலைக் கோப்பார். அதற்கும் கை தட்டல் அதிரும்.

அவருடைய கடை வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. தையல் இயந்திரம். துணிக் குவியல். மூலையில், சட்டைகளிலிருந்து பழைய பொத்தான்களைத் தடவித் தடவிப் பிரித்துக்கொண்டிருந்தார் அவர் மனைவி. கண்கள் திறந்திருந்தன. வாசலில் வந்து நின்ற இருவர் பக்கம் திரும்பவில்லை.

"யாருங்க?"

"போலீஸ்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

தையல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். அழுது சிவந்த முகம்.

"வாங்கம்மா. எங்க தெய்வமே போயிடுச்சு..."

"காலையில அவரைப் பார்க்கப் போனீங்களா?"

"இல்லம்மா. போகணும்னு இருந்தேன். அதுக்குள்ள சேதி வந்துடுச்சு."

"ஒரு விஷயம் சொன்னா வருத்தப்படுவீங்க. ஒளியாருக்குக் கண்ணு தெரியாது. ரொம்ப நாளாவே தெரியாது."

"பொய்!"

"அவர் மனைவியே சொன்னாங்க."

"பொய்! அந்த டாக்டர் சொல்லிக்கொடுத்த பொய்!"

"புட்டியில ஒரு எழுத்துகூட அவரால வாசிக்க முடியாது. எல்லாம் மனப்பாடம். காப்ஸ்யூல் அவர் கண்ணைக் காப்பாத்தல."

"அப்ப மடியில பேப்பர் எதுக்கு இருந்துச்சு? சாகும்போதும் கண்ணாடி இல்லாமப் படிச்சாரே, அது எப்படி? சொல்லுங்க! பதில் சொல்லுங்க!"

ஏட்டு வாசலை மறித்து நின்றார்.

இன்ஸ்பெக்டரின் குரல் தணிந்தது.

"பேப்பர் இருந்தது எங்களுக்குத் தெரியும். வெளியில ஒருத்தருக்கும் நாங்க சொல்லல. நீங்க போகவே இல்லன்னீங்க... உங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

தையல்காரர் துணிக் குவியலின் மேல் சரிந்தார்.

"டாக்டர் கார் போனதும் நான் உள்ள போனேன். 'எனக்குப் பார்வை இல்லப்பா, நாம ஏமாந்துட்டோம், சாயங்காலம் மேடையில சொல்லப்போறேன்'னார். அவர் மனசைக் கலைச்சுட்டாங்கன்னு நினைச்சேன். சொல்லாதீங்கன்னு காலைப் பிடிச்சேன். கேட்கல... தலையணையை எடுத்து அமுக்கிட்டேன், கடைசி வரைக்கும் படிச்சார்னு ஊர் நம்பணும்னு மடியில பேப்பரை விரிச்சேன்."

"அதுக்காகக் கொன்னுடறதா?"

"என் சம்சாரத்துக்கு லேசர் வைக்க நாள் குறிச்சிருந்தாங்கம்மா!" அவர் வெடித்தார். "நான்தான் தடுத்தேன்! இந்தக் கையாலதான் அந்தச் சீட்டைக் கிழிச்சேன்! காப்ஸ்யூல் போதும், ஒளியார் சொல்லிட்டார்னு சொன்னேன். அவ கண்ணு போச்சு. கொஞ்சம் பொறு, திரும்ப வரும்னு தினமும் ஊட்டி விடறேன். மருந்து பொய்னு அவர் மேடையில சொல்லிட்டா... அவ கண்ணைப் பறிச்சது யாருன்னு ஆகும்? அதை அவ கேட்டுட்டா நான் எப்படிம்மா அவ முகத்துல முழிப்பேன்?"

இன்ஸ்பெக்டருக்குச் சினம் வரவில்லை. ஒரு பொய்யைக் காக்க ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பது அவருக்குப் புரிந்தது. தாமும் அந்தப் பாதையில்தானே நடந்துகொண்டிருந்தார்!

மூலையில் பொத்தான்கள் சிதறின. மனைவி சுவரைப் பிடித்து எழுந்தார்.

"ஏங்க... அந்த மாத்திரையை நான் நிறுத்தி எவ்வளவோ நாளாச்சுங்க."

தையல்காரர் சட்டென்று திரும்பினார். "என்ன?"

"நாக்குக்கு அடியில வெச்சுக்கிட்டு, நீங்க திரும்பினதும் துப்பிடுவேன். அது பொய்னு எனக்கு எப்பவோ தெரியும். ராத்திரியில நீங்க அழற சத்தமும் கேட்கும். கண்ணுதானே போச்சு, காது போகலையே?"

"தெரிஞ்சுமா... ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீங்க ஒடிஞ்சுபோவீங்கன்னு விட்டுட்டேன். நீங்க வேணும்னா செஞ்சீங்க? எனக்கு உங்க மேல கோவமே இல்லையேங்க... இதைப் போய் மறைக்கறதுக்காகவா ஒரு உசுரை எடுத்தீங்க?"

அதட்டி அதட்டியே பழகிய ஏட்டு, தையல்காரரின் தோளை மெல்லத் தொட்டார்.

"எழுந்திருங்க, போகலாம்."

காவல் நிலையத்தில் வாக்குமூலத்தை எழுதி முடித்து, இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்கள். அவர் அதை அருகே பிடித்தார். தள்ளிப் பிடித்தார். எழுத்துகளின் மேல் கறுப்பு நூல்கள் கூடு கட்டின. வலக் கண்ணின் கீழ்ப் பாதியில் ஏதோ ஒரு திரை... காலையில் அது இல்லை.

"ஏட்டய்யா... நீங்களே வாசிச்சுடுங்க."

ஏட்டு இந்த முறை வியக்கவில்லை. கேலி பேசவுமில்லை. வரிக்கு வரி வாசித்தார். முடித்ததும் மெல்லக் கேட்டார்.

"டாக்டரம்மாவை அனுப்பிடலாமா மேடம்?"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். கைப்பையிலிருந்த ஆரஞ்சு காப்ஸ்யூல்களை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

மருத்துவமனைக் கூடம் காலியாக இருந்தது. சொன்னது போலவே, ஒருவரும் காத்திருக்கவில்லை. டாக்டரம்மா அந்த நாற்காலிகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விளக்கைப் போட்டார்.

"மன்னிச்சிடுங்க டாக்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். "அப்புறம்... எனக்கும்..."

"தெரியும். உட்காருங்க."

"உங்களை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போனவ நான்..."

"அந்தக் கோவத்தை நாளைக்குப் படறேன். இன்னைக்கு நேரமில்ல. தலையைச் சாய்ச்சுக்குங்க."

சொட்டு மருந்து குளிர்ந்தது, பிறகு எரிந்தது. அறை மங்கியது. கொலைகாரர்களின் கண்ணுக்குள் கண் வைத்துப் பார்த்துப் பழகிய அந்தப் பெண்மணி, கருவியின் மேல் தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி, கைகளை முட்டியின் மேல் இறுக்கிக்கொண்டார். கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ந்தது.

டாக்டரம்மா வலது கண்ணைப் பார்த்தார், இடது கண்ணைப் பார்த்தார், மீண்டும் வலது கண்ணுக்கே திரும்பினார்.

"டாக்டர்... போயிடுச்சா?"

"வலது கண்ணுல ரத்தம் கசிஞ்சிருக்கு. நிறைய. போனது எல்லாம் திரும்ப வரும்னு நான் மேடைப் பேச்சு பேச மாட்டேன். மிச்சத்தைக் காப்பாத்தப் பார்க்கலாம். இடது கண்ணுல இப்பதான் ஆரம்பிக்குது. சர்க்கரையைக் கட்டுல வைக்கணும். நாளைக்கே லேசர். சம்மதமா?"

"சம்மதம்."

"ஓட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

டாக்டரம்மா கருவியை விலக்கினார். அன்று முழுவதும் சிரிக்காத முகத்தில், களைத்துப்போன ஒரு புன்னகை எட்டிப் பார்த்தது.

"உங்க கண்ணுக்குள்ள வருஷக்கணக்கா திருட்டு நடந்திருக்கு மேடம். புகார் கொடுக்க இப்பத்தான் வர்றீங்க... போலீஸ்னா அவ்வளவு பயமா?"